வீடில்லாத மூன்று பேர் விசா கேட்ட கதை

அன்றைக்குக் கொழும்பில் விசா கொடுக்கிற கந்தோரில் யார் யார் நின்றோம் என்பதை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், என் அம்மா, தங்கச்சியின் கணவன் ரவி மச்சான். அந்தப் பக்கம் தமிழ் பேசுகிற ஒரு மிஸ். என் சட்டைப்பைக்குள் இருந்த போனில், தோஹாவிலிருந்து “என்ன ஆச்சு? என்ன ஆச்சு?” என்று மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்த என் மனைவி அபேனா. தங்கச்சி வதனி மட்டும் வரவில்லை. வரவேண்டாம் என்று சொன்ன புத்திசாலி நான்தான்.

நான் பிறவியிலேயே பயந்தவன். (கேற்றைப் பூட்டிவிட்டு, பாதித் தூரம் போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள்.) எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டதால், கதிரையில் உட்கார்ந்து யார் என்ன கேட்டாலும் கணக்குப் பாடத்தில் எழுப்பிவிட்டதுபோலத் தெரிந்த விடையும் மறந்துவிடும்.

தோஹாவில் ஒரு ஹோட்டலில் நான் துணிகளுக்கு இஸ்திரி போடுகிறேன். அதே ஹோட்டல் பேக்கரியில் அபேனா பாண் சுடுகிறாள். கானா நாட்டுக்காரி. போன லீவில் அவளுடைய ஊருக்குப் போய்த்தான் கலியாணம் முடித்தேன். அம்மா மருமகளைப் பார்த்ததெல்லாம் போனில்தான், அதுவும் பாதி முகம். (அம்மாவுக்குப் போனை நேராகப் பிடிக்க வராது.) எங்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு. இந்த முறை விசா கிடைக்காவிட்டால் மருமகளைக் காண அம்மா இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். பல நாட்டுக்காரர்கள் இருந்த இடத்திலிருந்தே எடுக்கிற சுற்றுலா விசாதான். ஆனால் அவளுடைய நாட்டுக்கு இங்கே ஒருவர் நேரில் போய்ப் பொறுப்பு நிற்கவேண்டும் என்றார்கள்.

அதனால் நான் முன்னதாகவே மட்டக்களப்பில் எங்கள் ஊரான பெரியகல்லாற்றுக்கு வந்து ஆயத்தமானேன். கலியாணப் பதிவு, கலியாணப் படங்கள், எல்லாருடைய அடையாள அட்டைப் பிரதிகள், தண்ணீர் பில், பள்ளிக்கூட நற்சான்றிதழ், சின்ன வயதில் எனக்கு ஊசி போட்ட அட்டை என்று ஒரு பை நிறைய அடுக்கினேன். (கேட்டால்?)

புறப்படும்போது வதனி கேட்டாள். “நானும் வரட்டா அண்ண?”

“நீ என்னத்துக்கு? ஆம்பிளையள் ரெண்டு பேர் போறம்தானே.”

அவள் என்னைப் பார்த்தாள். தன் புருசனைப் பார்த்தாள். “சரி, போய்ட்டு வாங்க ஆம்பிளையள்,” என்றாள். அந்தச் சொல்லில் இருந்த சூடு எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கந்தோரில் மிஸ் முதலில் கேட்டது மிகச் சின்னக் கேள்வி. “அவங்க வந்தா எங்க தங்குவாங்க?”

வழி முழுக்க மனப்பாடம் செய்ததை ஒப்புவித்தேன். “எங்கட வீட்டில மிஸ்.”

“வீடு யாருட பேரில?”

இதை நான் பாடமாக்கவில்லை. “அம்மாட...” என்று இழுத்தேன்.

“பொய் சொல்லாத மனே,” என்றார் அம்மா, கந்தோர் முழுக்கக் கேட்கிற மாதிரி. “அது மகள்ட ஊடு மிஸ். அவட கலியாணத்தோட எழுதிக் குடுத்தாச்சி. இவர்தான் அவட மாப்பிள.”

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். பிறந்த வீட்டுக்கு அவன் பிறகு வருவதெல்லாம் விருந்துக்கு. இது எனக்குத் தெரியாததா? ஆனால் ஊசி அட்டை வரைக்கும் யோசித்த என் மண்டைக்குள் இது மட்டும் ஏறவில்லை.

மிஸ் மச்சானைப் பார்த்தார். “அப்ப உங்கட மனைவியின்ட வீடு. இவருட மனைவி வந்து அங்க தங்கலாமா? நீங்க சொல்லுங்க.”

மச்சான் நல்ல மனிதன். அந்த நல்ல குணம்தான் எங்களைக் கவிழ்த்தது. “அத நான் எப்பிடி மிஸ் சொல்றது? நானும் அங்க வந்து இரிக்கிற ஆள்தானே. வதனியத்தான் கேக்கணும்.”

“அம்மா, உங்களுக்கு?”

“நான் மகளோட இரிக்கன்.”

“அப்ப இவருக்கு இலங்கையில இருக்க ஒரு இடமும் இல்லையா?”

அம்மா நேர்மையாக யோசித்தார். “இவன்ட பொஞ்சாதி ஊடு அங்கதானே மிஸ். முறைப்படி பாத்தா இவன் அங்கத்த ஆள்தான்.”

ஒரு கையெழுத்துக்கூட இல்லாமல் பெற்ற தாய் என்னைக் கானாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

பதற்றத்தில் பைக்குள் கையை விட்டு, அகப்பட்டதை இழுத்துக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன்.

“இது என்ன?”

“ஊசி போட்ட அட்டை மிஸ்.”

“உங்கட மனைவிக்கா?”

“இல்ல மிஸ். எனக்கு. குழந்தையில.”

மிஸ் பேனையை வைத்துவிட்டார். “மட்டக்களப்பில இருந்து மூணு பேர் வந்திருக்கிறீங்க. மூணு பேருக்கும் வீடு இல்ல. வீடு இருக்கிற ஆள் எங்க?”

“வீட்டில,” என்றோம் மூவரும் ஒன்றாக.

பின்வரிசை முழுக்கச் சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். “வீட்டுக்காரியக் கூட்டிக்கொண்டு வாங்க,” என்று அட்டையைத் திருப்பித் தந்தார்.

திரும்பி வருகிற வான் வண்டிக்குள் இருந்து அபேனாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். அவள் அழுவாள் என்று பயந்தேன். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “வீட்டுப் பெண்ணை விட்டுவிட்டா போனாய்? எங்கள் ஊரில் பிள்ளைகள் தாயின் குடி. அந்தக் குடிப் பெண்களைக் கேட்காமல் பெரிய காரியம் ஒன்றும் நடக்காதே,” என்றாள், எங்கள் ஹோட்டல் இங்கிலீசில். நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். (எங்கள் பக்கத்தில் குடி என்றால் தாய்வழியாக வருகிற வம்சம்.)

அம்மா இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவவுக்கும் குடி இரிக்கா? தாய் வழியாலயா?”

“ஓம் அம்மா.”

“அத முதல்லயே சொல்லியிருக்கப்படாதா? ரெண்டு வருசமா என்ன குடியெண்டு கேக்கவும் ஏலாம, கேக்காம இரிக்கவும் ஏலாம நான் பட்ட பாடு!” பிறகு, திடீரென்று குரலைத் தாழ்த்தினார். “மனே, எங்கட குடியா இராதே?”

(ஒரே குடிக்குள் கலியாணம் முடிப்பது எங்களில் வழக்கமில்லை. கானாவுக்கும் கல்லாற்றுக்கும் நடுவே எவ்வளவு கடல் கிடக்கிறது என்று மச்சான் விளக்கிய பிறகுதான் அம்மா சாய்ந்து உட்கார்ந்தார்.)

வீட்டுக் கேற்றில் வதனி நின்றாள். எங்களுக்கு முந்தியே விஷயம் அவளிடம் வந்து சேர்ந்திருந்தது.

“ஆர் வேணும்?”

“வதனி, ஒருக்கா நீ...”

“ஆம்பிளையள் ரெண்டு பேர் போனீங்களே, போதாதா?”

நான் கெஞ்சினேன். மச்சான் எனக்காகக் கெஞ்சினார். அடுத்த கிழமை அவளும் அம்மாவும் போனார்கள். வீட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. என் பையை அவள் தொடவேயில்லை. வீடு தன் பேரில் இருக்கிற காணி உறுதியை மட்டும் எடுத்துப் போனாள். விசா கிடைத்தது.

அபேனா வந்தாள். காற்றாடி உள்ள அறையை வதனி அவளுக்கும் அம்மாவுக்கும் கொடுத்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. ஆனாலும் நண்டுக்கறியை நடுவில் வைத்துக்கொண்டு விடாமல் கதைத்தார்கள். என்னையும் மச்சானையும் பாயோடு விறாந்தைக்கு அனுப்பிவிட்டார்கள். வாவிக் காற்று நன்றாகத்தான் இருந்தது. இரவெல்லாம் கடித்த நுளம்பையும் குறை சொல்ல மாட்டேன், அதற்கும் அங்கே எங்களைவிட உரிமை அதிகம்.

ஒவ்வொரு லீவிலும், யாராவது கேற்றில் நின்று “வீட்டுக்காரர் நிக்கிறாரா?” என்று கேட்டால் மச்சான் எனக்கு முந்திக்கொள்வார்.

“இல்ல தம்பி. நாங்க ரெண்டு பேரும் விசாவில இரிக்கம்.”

குசினிக்குள்ளிருந்து வதனியின் குரல் வரும். “அதுவும் முடியப்போகுது!”