சூடம் ஏற்றிய தர்பூசணி

இரும்பை ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஓசையை வைத்தே அதன் யோக்கியதையைச் சொல்லிவிடுவேன். கணீரென்றால் நல்ல வார்ப்பு. பொத்தென்றால் உள்ளே ஓட்டை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான் (பள்ளிக்கூடமும் சந்தோஷமாகப் பதில் கும்பிடு போட்டது). அப்படிப்பட்டவன் கப்பலூர்ப் பக்கம் சொந்த லேத்துப் பட்டறை போட்டதற்கு இந்தக் காதுதான் காரணம். நடுரோட்டில் என் மானம் போனதற்கும் இதே காதுதான் காரணம்.

எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வாக்கில் இருக்கும். கல்யாணமாகி மூன்று வருஷம். மாமனார் உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்சாரி, பரம்பரை விவசாயி. மண்ணைத் தொடத் தெரியாதவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்ற கடுப்பு அவருக்குத் தீரவே இல்லை. ஊரில் போகிற வருகிற இளவட்டத்தையெல்லாம் வாய் நிறைய "மாப்ள" என்பார். சொந்த மருமகன் என்னை மட்டும் "லேத்துக்காரரே" என்பார்.

ஒரு பொங்கலுக்குப் பொறுக்க முடியாமல் சவால் விட்டேன்.

"மாமா, பட்டறைக்குப் பின்னாடி நம்ம வீட்டுக் கொல்லையில தர்பூசணி போடுறேன். சித்திரையில வந்து தின்னு பாருங்க. பெறகு பேசுவோம்."

"போடுங்க லேத்துக்காரரே. வெதைய மண்ணுல போடணும். ஞாபக மறதியா மெசின்ல போட்டுறாதீங்க."

அடுப்படியில் பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

விதைக்கடைக்காரர், "அண்ணே, இது புது ரகம், காய் வந்து..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "எனக்கேவா?" என்று பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வளர்த்தேன் பாருங்கள், அப்படி வளர்த்தேன்! நூல் பிடித்துக் குழி எடுத்தேன். குழிக்குக் குழி அளவு ஒரு மயிரிழை பிசகவில்லை. கொடி படர்ந்து நாலு காய் பிடித்தது. கரும்பச்சையாக, உருண்டையாக, உரிக்காத தேங்காய் அளவுக்கு வந்தன. அப்புறம் வளரவே இல்லை. நான் கடைத்தெருவில் பார்த்ததெல்லாம் குடம் குடமாக இருக்கும்.

என் மனைவி பேச்சி சம்சாரி மகள். "ஏங்க, காம்புகிட்டச் சுருள் காஞ்சிருச்சு. பழுத்துருச்சு, பறிங்க" என்றாள்.

"இம்புட்டுக்காணு இருக்கு, இதுக்குப் பேரு பழமா?"

"தட்டித்தான் பாருங்களேன்."

தட்டினேன். பொத். நாலும் பொத், பொத், பொத்.

"வார்ப்பு போச்சு. உள்ள ஓட்டை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பேச்சி சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். (அவள் சிரித்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.)

ரெண்டு நாளில் அமாவாசை. பட்டறையில் புது லேத்து வந்து இறங்கியிருந்தது. திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைக்க வேண்டும். ஃபிட்டர் மொக்கராசு வெறுங்கையோடு வந்து நின்றான்.

"அண்ணே, பூசணிக்கா எங்கயும் கெடைக்கலண்ணே."

"கொல்லையில நாலு தண்டம் கெடக்கு, பறிச்சுட்டு வா. ஒண்ணுக்கு நாலா ஒடைப்போம்!"

நாலின் தலையிலும் சூடம் ஏற்றி, ஒவ்வொன்றாகப் புது லேத்தைச் சுற்றி, வாசலில் ரோட்டில் ஓங்கிப் போட்டேன். நாலும் சிதறின. ரோடே செக்கச்செவேல்.

"ஏன்டா, குங்குமத்த இம்புட்டா தடவுவ?"

"அண்ணே, குங்குமப் பொட்டலம் இன்னும் என் மடியிலதான இருக்கு!"

அப்போதுதான் கறுப்பு விதைகள் கண்ணில் பட்டன. நிமிர்ந்தால் எதிரே பேச்சி, பக்கத்தில் மாமனார். என்னிடம் சொல்லாமலே, பழம் பழுத்துவிட்டது என்று அப்பாவுக்கு ஆள் அனுப்பி, பஸ் நிறுத்தம் வரை போய் அவரைக் கூட்டி வந்திருக்கிறாள்.

"இது சின்ன ரகம்யா. இம்புட்டுத்தான் வரும்" என்றார் மாமனார். என் தீர்ப்பை வரும் வழியிலேயே பேச்சி சொல்லியிருக்கிறாள். "பழுத்தாத்தான் பொத்துன்னு கேக்கும். பச்சக்காதான் கணீர்னு கேக்கும். திங்கப் பழம் எங்க, லேத்துக்காரரே?"

ரோட்டைக் காட்டினேன். எங்கள் பக்கம் திருஷ்டி கழித்ததை மிதிக்கவே பயப்படுவார்கள், தின்பதாவது! மூன்று மாத உழைப்பு, ஒருவரும் தொட முடியாமல் கிடக்கிறது. ஒரு லாரிக்காரன்கூட ஒதுங்கித்தான் போனான்.

மாமனார் குனிந்தார். ஒரு பெரிய துண்டை எடுத்து, தோள்துண்டால் மண்ணைத் துடைத்தார்.

"மாமா, திருஷ்டி கழிச்சது!" என்று அலறினேன்.

"ஒங்க மெசின்மேல எவன்யா கண்ணு வைக்கப் போறான்?"

கடித்தார். விதையை ஒவ்வொன்றாகத் துப்பினார். வெள்ளைத் தோல் தெரியும்வரை தின்றார்.

"மாப்ள."

மொக்கராசுவைக் கூப்பிடுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

"ஒங்களத்தான் மாப்ள. பழம் கல்கண்டு! நீங்கதான் இன்னும் பழுக்கல."

அந்த வருஷம் முழுக்க, மாமனார் என்னை மாப்ள என்று கூப்பிட்டதையும் பழம் கல்கண்டு என்றதையும் கப்பலூர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மிச்சத்தைப் பேச்சி சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இன்றைக்கு எனக்கு மூன்று பட்டறை. ஆனாலும் வீட்டுக்குள் யார் தர்பூசணி வாங்கி வந்தாலும் அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்துவிடும்:

"கத்தி எடுத்தாரவா, சூடம் எடுத்தாரவா?"