கடைசிப் பொத்தான்

“ஆயிரக்கணக்கான பேரு நம்ம ஆப்ப இறக்கியிருக்காங்க. ஆறு படகையும் பாக்குறாங்க, எதுக்கு எவ்வளவு கிடைக்கும்னு பாக்குறாங்க. கடைசிப் பொத்தான அமுக்குற நேரத்துல மட்டும் எங்க ஓடிப் போறாங்க, குவாபாரா?”

மேலாளர் ஒனோதேரா கேட்டதும் சிசுரு குவாபாரா தன் கைப்பேசியில் அந்தச் செயலியைத் திறந்து பார்த்தாள். நகராட்சி நடத்தும் மோட்டார்படகுப் பந்தயத்துக்குக் கைப்பேசியிலேயே பணம் கட்டும் செயலியை வடிவமைத்தவள் அவள்தான். பார்க்க அழகாக இருக்கும். மூன்று தடவை தொட்டால் போதும், பந்தயம் கட்டியாகிவிடும். ஆனால் அவள் ஒருநாளும் பந்தயக் கரைப்பக்கம் போனதில்லை.

“போய்ப் பாரு. பழம் தின்னு கொட்டை போட்ட ஆளா ஒருத்தரப் பிடி. அவரு சொல்றபடி செய்.”

அப்படித்தான் தொகுமிட்சு கிடைத்தார். காதில் சிவப்புப் பென்சில், கக்கத்தில் பந்தயப் பத்திரிகை. தண்ணீரை ஒட்டிய கம்பிவேலி ஓரம் நின்றிருந்தார். சுற்றிலும் நாலைந்து பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிசுரு ஒரு கிண்ணம் குடல்கறி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கைப்பேசியை நீட்டினாள்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். “இதுல காத்து எங்கம்மா?”

“காத்தா?”

“அந்தக் கொடியப் பாரு. காத்து திரும்பினா கணக்கே திரும்பிடும். கொடியப் பாக்காம எவனாவது காசு கட்டுவானா?”

சிசுருவுக்குப் புல்லரித்தது. அந்த வாரமே செயலியில் ஒரு கொடி பறந்தது, கரையில் அடிக்கும் அதே காற்றுக்கு ஏற்றபடி. ஜனங்கள் கொடியைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கட்டின பணம் பாதியானது.

“பாதி வேலைதான முடிஞ்சிருக்கு, அப்படித்தான் இருக்கும்,” என்றார் தொகுமிட்சு. “தனியா உக்காந்து கட்டுறதுல என்ன ருசி? பக்கத்துல ஒருத்தன் நின்னு திட்டணும்.”

“திட்டணுமா?”

“ஆறாம் நம்பர் பச்சைப் படகா? மூளை கழண்டு போச்சாடா உனக்கு? இப்படி.”

அவர் குரலையே பதிவு செய்து சேர்த்தாள். எந்தப் படகைத் தொட்டாலும் தொகுமிட்சு சீறினார். ‘நாலாம் நம்பரா? வீட்ல சொல்லிட்டு வந்தியா?’ நகரமே அதைக் கேட்டுச் சிரித்தது. ஆறு படகையும் வரிசையாகத் தொட்டு, ஆறு திட்டும் வாங்கிக்கொண்டு, மனநிறைவோடு செயலியை மூடியது.

ஒனோதேரா முகம் சுண்டிப்போனது. “ஒருத்தன் மூணு மணி நேரம் உக்காந்திருக்கான். கட்டினது ஒரு யென்கூட இல்ல!”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்காம், மேனேஜர். வரிசை.”

“என்ன வரிசை?”

“சீட்டு வாங்குற ஜன்னல் முன்னாடி வரிசையில நிக்கணுமாம். அப்பத்தான் நெஞ்சு அடிச்சுக்குமாம்.”

வேறு வழி தெரியாமல் ஒனோதேரா தலையாட்டினார். செயலியில் ஒரு வரிசை வந்தது. உங்களுக்கு முன்னால் பதினேழு பேர். முன்னால் நிற்பவர் சில்லறை தேடுவார். அவருக்கு முன்னால் நிற்பவர் மனம் மாறி மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். உங்கள் முறை வரும்போது மணி அடிக்கும், ஜன்னல் சாத்திக்கொள்ளும். காசு போகாமல் தாங்கள் தப்பித்த கதையை ஜனங்கள் ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்ந்தார்கள்.

மறுநாள் நகராட்சியிலிருந்து தொலைபேசி வந்தது. பேசி முடித்த ஒனோதேரா ஒரு குவளைத் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

“இனிமே எதையும் சேக்காத. திங்கக்கிழமைக்குள்ள காசு வரணும். இல்லேன்னா உன்னைய அந்த மயானத்துல இடம் பிடிக்கிற ஆப்புக்கு மாத்திடுவேன். அங்க வர்றவங்களாவது கடைசிப் பொத்தான அமுக்குவாங்க.”

சிசுரு விழுந்தடித்துக்கொண்டு பந்தயக் கரைக்கு ஓடினாள். கம்பிவேலி ஓரம் தொகுமிட்சு இல்லை. குடல்கறிக் கடையில் கரண்டியால் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த அம்மாளிடம் போய் மூச்சிரைக்க நின்றாள்.

“தொகுமிட்சு ஐயா எங்கம்மா? அவசரமா ஒரு யோசனை கேக்கணும். அவரு சொன்னத வச்சுத்தான் எங்க ஆப்ப முழுசா மாத்தினோம்.”

அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரு கைகளாலும் சிசுருவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்கள் கலங்கியிருந்தன.

“புண்ணியமாப் போகும்டி பொண்ணே! இருபது வருஷமா இங்க நின்னு, வர்றவங்கள ஒரு சீட்டுகூட வாங்கவிடாம பேசியே வீட்டுக்கு அனுப்பிவிடுறவராச்சே அவரு, எங்க வீட்டுக்காரர் சூதாட்டத்த விட்டதே அவராலதான்!”