வில்லங்கம் பார்ப்பவர்

வீடு வாங்குகிறவர், வீடு கட்டுகிறவர், கட்டின வீட்டை ஈடு வைக்கிறவர் ஆகிய மூவரையும் நீங்கள் அறிவீர்கள். இவற்றில் ஒன்றையும் செய்யாமல், எல்லாவற்றைப் பற்றியும் சகலமும் தெரிந்துகொண்டு, செய்யப்போகிறவர் கூடவே குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிற நாலாவது ஆசாமியையும் அறிவீர்கள். அவருக்கு என்ன பெயர் என்றுதான் யோசித்திருக்கமாட்டீர்கள். அவர் வில்லங்கம் பார்ப்பவர். திருவனந்தபுரத்தில் தெருவுக்கு ஒருவர் உண்டு. பெரிய தெருவானால் இருவர். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

குன்னுக்குழித் தெருவுக்கு வாய்த்தவர் தாசையன் சார். பதிவு ஆபீஸில் பத்திரங்களை நகலெடுத்தே பென்ஷனை எட்டியவர். பிறத்தியார் வீடுகளின் நாலு எல்லையையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். தாம் இருந்தது வாடகை வீட்டில்.

கணக்கு வாத்தியார் தங்கையன் அவரிடம் போய்ச் சேர்ந்தது கர்க்கடக மாசத்து ஆடி மழையில். அப்போது தங்கையன் குடியிருந்த வீட்டுச் சுவரில் வியர்வை மாதிரி ஈரம் வழிந்துகொண்டிருந்தது. மகள் சரசம்மாவுக்கு மூச்சு இழுத்தது. "மருந்தை மாற்றிப் பிரயோஜனமில்லை, வீட்டை மாற்றும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி செல்லபாய் பாறசாலையில் தனக்கு வந்த நிலத்தை விற்றுவிட்டாள். இனி வீடு வாங்க வேண்டியதுதான் பாக்கி. தங்கையன் செய்த ஒரே காரியம், கூட ஒரு விவரமறிந்த மனிதர் இருக்கட்டுமே என்று நினைத்தது.

நந்தன்கோட்டு வீடு அவருக்குப் பார்த்தவுடன் பிடித்தது. தாசையன் சார் பழைய பத்திரத்தை வாங்கிப் படித்தார்.

"கிழக்கு எல்லை மாமரம்னு போட்டிருக்கே. மாமரம் எங்க ஓய்?"

"வெட்டிட்டாங்களாம் சார்."

"அப்ப எல்லையை வெட்டிட்டாங்க."

இரண்டாவதாகப் பார்த்த வீட்டின் சொந்தக்காரருக்குக் கல்லாற்றில் ஒரு தங்கை இருந்தாள். தனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதியும் கொடுத்திருந்தாள். "அவளுக்குப் பிள்ளைகள்?" என்றார் சார். இல்லை என்றார்கள். "யாரு சொன்னா?" அவளே சொன்னாள் என்றார்கள். "பிள்ளை இல்லைங்கிறதை ரிஜிஸ்டர் பண்ணியிருக்காளா?"

மூன்றாவது வீடு புத்தம்புதிது. எல்லைத் தகராறும் இல்லை, தங்கையும் இல்லை.

"அஸ்திவாரம் பாத்தீரா?"

"அது மண்ணுக்குள்ளல்லா இருக்கு சார்?"

"அப்ப பாக்கல."

ஒவ்வொரு தடவையும் தங்கையன், பாம்பை மிதிக்கப்போய்க் காலை இழுத்துக்கொண்டவர் போலத் திரும்பி வந்து, "தப்பிச்சோம்" என்பார். செல்லபாய் மகளின் நெஞ்சில் தைலம் தேய்ப்பாள். அவர்கள் தப்பித்த வீடுகளிலெல்லாம் வேறு யார் யாரோ பால் காய்ச்சிக் குடியேறி, வாசலில் துணி உலர்த்தினார்கள். அந்த அறியாமையைப் பார்த்துத் தங்கையன் பரிதாபப்பட்டார்.

இப்படி இருக்கையில், வித்துராவில் கடை வைத்திருந்த குற்றாலலிங்கம் பிள்ளை தமது குன்னுக்குழி வீட்டை விற்கப்போவதாகச் செல்லபாய்க்குத் தெரியவந்தது. விசாலமான ஓட்டு வீடு, வெயில் விழுகிற முற்றம், உலர்ந்த சுவர். அதில்தான் தாசையன் சார் வாடகைக்கு இருந்தார்.

அவள் புருஷனையும் இழுத்துக்கொண்டு நேரே அவரிடமே போனாள்.

"இந்த வீடா? இது ஒத்தியிலே கிடந்த வீடாக்கும்."

"ஒத்திப் பணத்தைக் குடுத்து மீட்டாச்சு சார். பத்திரத்தைப் பாத்துட்டுத்தான் வாறேன்" என்றாள் செல்லபாய்.

"கூரையிலே பாதி மரம் உளுத்துப் போச்சு."

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூரை சௌக்கியமாக இருந்தது.

"இவ்வளவு மோசமான வீட்டிலேயா சார் இத்தனை காலமா இருக்கிய?"

"குடியிருக்கது வேற, வாங்குதது வேற, அம்மா."

"நாங்க குடியிருக்கத்தான் வாங்குதோம்."

சார் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "பெரிய வில்லங்கம் ஒண்ணு உண்டு. உள்ளே இருக்கவன் இறங்கமாட்டான்."

"யாரு அது?"

"நான்தான்."

சொல்லிவிட்டு அவர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் இல்லாத, மனைவியை இழந்த ஒரு கிழவர் இந்த வயதில் எங்கே போவார்? "வேண்டாம், போகலாம்" என்று தங்கையன் எழுந்தேவிட்டார். செல்லபாய் எழுந்திருக்கவில்லை.

"உங்களுக்கு நல்ல வீடு பாத்துக் குடுத்துட்டுத்தான் சார் நாங்க இங்க வருவோம்" என்றாள். அந்த வாரமே பத்திரம் பதிவாயிற்று.

வீடு பார்த்துக் கொடுக்கும் பொறுப்பைத் தங்கையன் ஏற்றார். இங்கேதான் விபரீதம் நடந்தது. சார் முதல் வீட்டையே, "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, போதும்" என்றார். தங்கையன் விடவில்லை. தரையில் ஒரு கோலி உருண்டையை வைத்து அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். இரண்டாவது வீட்டில் பக்கத்து வீட்டுத் தென்னையின் ஓலை எந்த அதிகாரத்தில் இங்கே விழுகிறது என்று கேட்டார். மூன்றாவதில், வீட்டுக்காரரின் மைத்துனர் ஊர் எது என்று விசாரித்தார். சார் குழந்தை மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மழை மறுபடி தொடங்கும் சமயம் செல்லபாய் தானே ஒரு மாட்டுவண்டியைக் கூப்பிட்டு, சாரையும் அவர் கட்டிலையும் அடுத்த சந்தில் ஒரு சின்ன வீட்டில் கொண்டுபோய் இறக்கினாள். அவர் அங்கே சுகமாக இருக்கிறார். மத்தியானச் சாப்பாடு செல்லபாய் வீட்டிலிருந்து போகிறது. சரசம்மா அந்த மழைக்காலம் முழுவதும் இழுப்பில்லாமல் தூங்கினாள்.

தங்கையனைத்தான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் பார்க்க முடிவதில்லை. பள்ளிக்கூடத்தில் யார் வீடு வாங்கப் புறப்பட்டாலும் அவர் கூடப் போகிறார். இதுவரை யாரும் வாங்கவில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவரல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். செல்லபாய் வாங்கிய வீட்டுக்குக் கரம், அதாவது வீட்டு வரி, கட்டின ரசீது யார் பேரில் இருந்தது என்று கதை சொல்லுகிற இவன் சொல்லவே இல்லையே என்று, இவ்வளவு நேரமும் உங்களுக்குள் ஏதாவது உறுத்திக்கொண்டிருந்ததா? இருந்ததென்றால், தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருங்கள்.