மாலை கட்டிய பானெட்

நான் விவரமான ஆள் என்று யாராவது சொன்னால், அவர் என் அண்ணன் கல்யாணத்துக்கு எங்கள் காரில் வராதவர். எழுபதுகளின் கடைசியில் நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. (எல்லாம் என் மேல்தான். சரி, கொஞ்சம் அத்தை மேலும்.)

மாப்பிள்ளையை உத்திரமேரூரிலிருந்து தென்னேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. ஒன்பது மணிக்கு முகூர்த்தம் முடிகிறது. பெரியப்பாவின் பழைய கார் ஊர் எல்லையைத் தாண்டவில்லை, அதற்குள் டெம்பரேச்சர் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

இன்ஜின் கொதிக்கிறதே என்று நிறுத்தி பானெட்டைத் திறக்கப் போனேன். அதன் குறுக்கே அத்தை தன் கையால் கட்டிய சாமந்தி மாலை. கல்யாணப் பெண் ஏறி உட்காருவதற்கு முன் அதைப் பிரித்தால் குடும்பம் விளங்காதாம்.

"மால மேல கைய வெச்ச, ஒடிச்சிடுவேன்" என்றாள் பின் சீட்டில் இருந்த அத்தை.

திறக்காமலே வைத்தியம் ஆரம்பித்தேன். (நான் கேள்வி ஞானத்தில் மெக்கானிக்.) இரண்டு மைல் ஓட்டம், பத்து நிமிஷம் ஓய்வு. ஆவி இல்லை, தீய்ந்த வாடை இல்லை. கிளம்பிய வேகத்தில் எந்த இன்ஜினும் கொதிக்காது என்பதுகூட இந்த மண்டையில் ஏறவில்லை. வாலாஜாபாத் தாண்டும்போது மணி எட்டரை. ஒரு மாட்டுவண்டிக்காரர் எங்களை முந்திப் போகையில், மாப்பிள்ளையை வேண்டுமானால் ஏற்றிக்கொள்கிறேன் என்றார்.

ஏழாவது முறை நிறுத்தியதும் அண்ணன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கழனியில் டீசல் இன்ஜின் ஓட்டுகிற கை. அத்தை கத்தக் கத்த மாலையை அறுத்தார், பானெட்டைத் தூக்கினார், ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

"இன்னாடா கொதிக்குது? டீத்தண்ணி கூட இத்த விட சூடா கீது."

இன்ஜினின் சூட்டை மீட்டருக்குச் சொல்லும் ஒயர் தோலுரிந்து இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைத் தூக்கினார், முள் கீழே விழுந்தது. உரசவிட்டார், சிவப்புக்கு ஏறியது.

"முள்ளு சொல்லுச்சாம், இவுரு கேட்டுக்கினாராம். கைய வெச்சிப் பாக்க இன்னாடா கேடு உனுக்கு?"

அத்தைதான் தொடவிடவில்லை என்று முறையிட்டேன்.

"மாலயத்தானடா தொடாதன்னேன்? முன்னாடி கம்பி சந்துல கைய வுட்டுப் பாக்க வேணான்னனா?"

குனிந்து அந்தச் சந்தில் கையை விட்டுப் பார்த்தேன், தாராளமாகப் போனது.

அறுந்த மாலையின் வாழைநாரால் அண்ணன் ஒயரைத் தூக்கிக் கட்டினார். முகூர்த்தம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது தாலி ஏறியது. கை கழுவ நேரமில்லை. கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் அண்ணியின் கழுத்தில் மூன்று கறுப்பு விரல் தடங்கள்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது. அண்ணி அதைப் பார்க்கவே இல்லை. என் நெற்றியில் கை வைத்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்: "கொழுந்தனாருக்கு ஒண்ணுமில்ல. எங்கியோ ஒயரு உரசுது."