மானகிரிப் பணியாரப் போர்

வாழ்க ஃபெலிக்ஸார்! முப்பத்து நான்கு ஆண்டுகள் அளவைச் சங்கிலியைத் தோளிலே தாங்கி, சாக்கோட்டை வட்டாரத்து வரப்புகளையும் வாய்க்கால்களையும் ஊருணிக் கரைகளையும் ஓரடியும் பிசகாமல் அளந்து, அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு அரிவாளோடு நின்ற எல்லைகளிலே அஞ்சாது கல் ஊன்றிய வரப்பளந்த பெருமான் வாழ்க! ஊரார் நிலத்தின் எல்லைகளையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தும் தன் வயிற்றின் எல்லையை மட்டும் இன்றளவும் அளந்தறியாத அறுபத்து நான்கு வயது வீரர் வாழ்க! அவர்தம் இடப்புறத்தைக் காத்து நிற்பவரும், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரை ஒற்றைப் புருவத்தை உயர்த்தியே ஒடுக்கிய ஆற்றலருமான சந்தனமேரி டீச்சரும் நீடு வாழ்க!

கோட்டையூரிலே, முன்புறம் ஒரு முருங்கை மரமும் பின்புறம் ஒரு துணிக்கொடியும் எல்லைகளாய் அமைந்த சிறிய வீடே இவ்விருவரின் தலைநகரம். எனினும் ஓய்வுபெற்ற நாள்தொட்டு அவர்கள் அந்தத் தலைநகரத்தில் தங்கிய பொழுது குறைவு. திருச்சியில் மகள் பெல்சியின் வீடு, ஓசூரில் மகன் அந்தோணி பிரபுவின் வீடு, இடைப்பட்ட நாட்களில் ஓய்வூதியர் சுற்றுலாக் குழுவின் பதினாறு இருக்கை வேன் என்று அவர்கள் வாழ்வு சக்கரங்களின் மேலேயே உருண்டுகொண்டிருந்தது. அந்த வேனிலேதான், சென்ற தை மாதத்தில், வேளாங்கண்ணிக்குப் போகும் வழியில், நம் வீரரின் புகழ் மண்ணிலே புரண்டது.

அந்தோ, அதை எங்ஙனம் உரைப்பேன்! புறப்படுமுன் உண்ட ஆறு மசால்வடைகள் அவருள்ளே கலகக்கொடி உயர்த்தின. அறந்தாங்கியில் வேன் நின்றது. பட்டுக்கோட்டையில் நின்றது. முத்துப்பேட்டையில் இருமுறை நின்றது. திருத்துறைப்பூண்டிக்கு அப்பால், பெட்ரோல் பங்க்கோ டீக்கடையோ கண்ணுக்கெட்டாத ஒரு கருவேலங்காட்டோரம் ஐந்தாம் முறையாக நின்றபோது, பதினான்கு ஓய்வூதியர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் மறுபக்கத்துச் சன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவர் குழுவின் தலைவர் சத்தியமூர்த்தி. அடுத்த பயணம் கொடைக்கானலுக்கு என்று முடிவானதும், வாட்ஸ்அப்பிலே ஒரு பேராணை பிறப்பித்தார்.

"வயிறு சரியில்லாதவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். மலைப்பாதையில் வண்டி நிற்காது. நான் யாரையும் குறிப்பிடவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்."

பொதுவாகச் சொல்லப்பட்ட அம்பு கோட்டையூருக்கு வந்து நேராக ஃபெலிக்ஸாரின் நெஞ்சிலே தைத்தது. கீழே பதினோரு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். அவ்விரல்களை அவர் இருமுறை எண்ணினார். அன்றே மசால்வடையைத் துறந்தார். வியாழக்கிழமை விடியலில் அந்த வேனில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகள் அனைத்தையும் அசையாத வயிற்றோடு கடந்து, இழந்த மானத்தை மலையுச்சியிலே மீட்பது என்று சூளுரைத்தார்.

விதியோ வேறு திசையிலிருந்து படை திரட்டியது. திங்களன்று மருமகள் ரேணுகா ஓசூரிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா, எங்கம்மா ரெண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டு நீங்க போகலையாம். இந்த மாசம் கொடைக்கானலுக்கெல்லாம் போறீக, மானகிரி தூரமாப் போச்சான்னு கேக்குறாங்க. புதன்கிழமை வரச் சொல்லிருக்காங்க மாமா."

இது வெறும் விருந்தழைப்பு அன்று. பிரபுவும் ரேணுகாவும் தாமாக விரும்பி மணந்தபோது, மாதா கோயிலா அம்மன் கோயிலா என்று இரு குடும்பங்களும் முகம் திருப்பிக்கொண்டு, ஓராண்டுக் காலம் ஒருவர் வீட்டில் ஒருவர் பச்சைத் தண்ணீரும் பருகாதிருந்தன. பேரப்பிள்ளை பிறந்த பிறகுதான் அந்தப் பனி உருகியது. அதுமுதல் ரேணுகாவின் தாய் அக்கம்மாள், இழந்த ஓராண்டின் சாப்பாட்டையும் சேர்த்துச் சம்பந்தி வீட்டார்க்கு ஊட்டிவிடுவதென்று உறுதி பூண்டிருந்தார். மூன்றாம் அழைப்பையும் மறுத்தால் பழைய பனி மறுபடி உறையும். ஏற்றால் மறுநாள் மலைப்பாதை. இரு புறமும் நெருப்பு மூண்ட காட்டிடையே நிற்கும் யானைபோல் நம் வீரர் நின்றார்.

"போய்த்தான் ஆகணும்" என்று சந்தனமேரி டீச்சர் தீர்ப்புரைத்தார். "ஆனா கேட்டுக்கங்க. ரெண்டு கரண்டி சோறு. ஒரு துண்டு கோழி. பணியாரத்தப் பாக்கவே கூடாது. நான் பக்கத்துலதான் இருப்பேன். கால மிதிச்சா நிப்பாட்டிறணும். அப்பறம், அந்த வேன் கதைய மட்டும் அவுக வீட்டுல மூச்சு விடக்கூடாது. ஆமா."

"ஆகட்டும்" என்றார் ஃபெலிக்ஸார், சத்தியப் பிரமாணம் செய்யும் சாட்சியைப் போல.

புதன் நண்பகல். வெயில் வேலெறிந்த வேளையில், இரண்டு டவுன் பஸ்கள் மாறி, ஒரு சீப்பு வாழைப்பழமும் அரைக் கிலோ ஜாங்கிரியும் காணிக்கையாய் ஏந்தி, தம்பதியர் மானகிரியிலே இறங்கினர். எல்லைக் காவல்போல் சேவல் ஒன்று கூவிற்று. கொல்லைப்புறத்திலிருந்து நாட்டுக்கோழிக் குழம்பின் மணம், படையெடுத்து வரும் சேனையின் முன்னே எழும் புழுதியெனப் புறப்பட்டு வந்து அவர்களைச் சூழ்ந்தது. ஃபெலிக்ஸாரின் மூக்கு அந்தக் கணமே எதிரியின் பக்கம் சேர்ந்துவிட்டது.

"வாங்கண்ணே, வாங்க மதினி!" என்று ஆர்ப்பரித்து வரவேற்றார் அக்கம்மாள். முந்தானையை இடுப்பிலே இறுகச் செருகி, வளையல்களை முழங்கை நோக்கி ஏற்றிவிட்டு, வலக்கையிலே கரண்டியோடு நின்ற அந்தக் கோலத்தைக் கண்டு நெடுநாள் பழகிய பூனையும் ஓரம் ஒதுங்கியது. அவர் கணவர் அருள்பாண்டி, ஒன்பது ஏக்கர் நஞ்சைக்கு அதிபதி, மேசை முன்னே ஏற்கெனவே அமர்ந்திருந்தார். அவர் கண்களிலே நெடுங்காலம் சிறையிருந்தோரின் அமைதி குடிகொண்டிருந்தது.

இலைகள் விரிந்தன. போர் தொடங்கிற்று.

முதல் தாக்குதல் சோறு. ஃபெலிக்ஸார் இரண்டு விரல்களை உயர்த்தி, "ரெண்டே கரண்டி தங்கச்சி" என்று எல்லை வகுத்தார். அக்கம்மாள் மறுக்கவில்லை. இரண்டே கரண்டிதான் வைத்தார். ஆனால் அந்தக் கரண்டி, கோயில் திருவிழாவிலே ஊருக்குச் சோறு வாரும் கரண்டி! இலையின் நடுவே எழுந்த வெண்குன்றைக் கண்ட வரப்பளந்தார், தொழிற்பழக்கத்தால் அதன் நீள அகல உயரங்களைக் கண்ணாலே கணித்து, உள்ளம் நடுங்கினார். ஒப்பந்தமோ மீறப்படவில்லை. மேசைக்கடியிலே சந்தனமேரி டீச்சரின் கால் ஓங்கி ஒரு மிதி மிதித்தது. அது அருள்பாண்டியின் பாதம். அவர் திடுக்கிட்டு, சம்பந்தியம்மாளின் முகத்தை ஒருமுறை பார்த்து, ஒன்றும் விளங்காமல், இரண்டு கால்களையும் நாற்காலியின் மேலே மடக்கிக்கொண்டார். பிறகு அந்த விருந்து முடியும்வரை கீழே இறக்கவேயில்லை.

அடுத்துக் குழம்பு வந்தது. குன்றின் உச்சியிலே குழி பறித்து, சுற்றிலும் சோற்றால் வரப்புக் கட்டி, வெள்ளத்தைத் தேக்கி நிறுத்தினார் நம் வீரர். முப்பத்து நான்கு ஆண்டு அனுபவம் அன்று கைகொடுத்தது. ஆனால் "ஒரு துண்டு" என்ற அவரது வேண்டுகோள் காற்றில் கரைய, தொடைக்கறி ஒன்று, நெஞ்சுக்கறி ஒன்று, ஈரல் ஒன்று, பெயர் தெரியாதது ஒன்று என நான்கு துண்டுகள் இலையிலே வந்து பாளையம் இறங்கின. அவற்றை வெல்வதற்கு ஒரே வழி உண்பதுதான். உண்டார். ஈரலை உண்ணும்போது அவர் முகத்திலே தோன்றிய இன்பத்தை, பகைவனுக்கு எழுதிய ரகசிய ஓலையைப் போலச் சந்தனமேரி டீச்சர் கண்டுபிடித்து, கண்ணாலேயே எரித்தார்.

ரசத்தின்போது அவர் இலைக்கு மேல் இரு கைகளையும் கேடயமாய் விரித்தார். அக்கம்மாள் விரல்களுக்கு இடையிலேயே ஊற்றினார். தயிரின்போது உடம்பையே முன்சாய்த்து இலையை மறைத்தார். தயிர் இடப்பக்கத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் அவர் பெல்ட்டிலே ஒரு துளை பின்வாங்கினார். ஈற்றில், எஞ்சிய துளைகள் இல்லாத நிலையில், இருக்கும் வீரமெல்லாம் திரட்டி, இலையைச் சட்டென மடித்தார். கோட்டைக் கதவு சாத்தப்பட்டது! சந்தனமேரி டீச்சரின் நெஞ்சிலே வெற்றி முரசு ஒலித்தது.

அப்போதுதான் அடுப்படியிலிருந்து ஒரு பெரிய பாத்திரம் வெளிப்பட்டது.

பால் பணியாரம்! ஏலக்காய் மணக்கும் தேங்காய்ப்பாலிலே, முழுநிலவுகளை உருட்டி மிதக்கவிட்டாற்போல், வெண்மையும் மென்மையும் திரண்ட உருண்டைகள் ஒன்றையொன்று மெல்ல இடித்தபடி அசைந்தன. மடித்த இலையைக் கண்டு அக்கம்மாள் தயங்கினாரா? எவர்சில்வர் கிண்ணங்களை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார் அந்த மாபெரும் தளபதி.

"அவுகளுக்குப் பல் வலி மதினி" என்று இடைமறித்தார் சந்தனமேரி டீச்சர், பொய் சொன்ன பிள்ளைகளை முப்பது ஆண்டுகள் பெஞ்சின் மேல் ஏற்றியவர்.

"பால் பணியாரத்துக்குப் பல்லு எதுக்கு மதினி? நாக்கு இருந்தாப் போதும்."

"மருந்து வேற சாப்புடுறாக..."

"மருந்து மாதிரி ரெண்டே ரெண்டு."

இரண்டு நிலவுகள் கிண்ணத்திலே விழுந்தன. ஃபெலிக்ஸார் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தார். நிலவுகள் மறைந்தன. அப்போது அவருடைய வயிற்றின் ஆழத்திலிருந்து, தொலைதூரத்து மேகம் உறுமுவதுபோல் ஓர் ஒலி எழுந்தது. அதை மேசையிலிருந்த நால்வரும் கேட்டார்கள். முத்துப்பேட்டைக்கு முன்பும் இதே ஒலிதான்! அதற்குள் கரண்டி மீண்டும் உயர, அவர் கிண்ணத்தின் வாயைக் கையால் மூடிவிட்டார்.

கரண்டி அந்தரத்திலே நின்றது. அக்கம்மாளின் முகம் மாறியது. ஆரவாரமெல்லாம் அடங்கி, குரல் தாழ்ந்தது.

"என்னண்ணே, வந்ததுலேர்ந்து அணில் மாதிரி கொறிக்கிறீக. கைய வச்சு மூடுறீக, எலைய மடிக்கிறீக. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு அரைச்சேன். எங்க வீட்டுச் சாப்பாடு இன்னும் உங்களுக்கு ஆகலைன்னா சொல்லிப்புடுங்கண்ணே. எம் மக காதுக்குப் போகாமப் பாத்துக்கிறேன்."

அந்தச் சொற்களின் முன் ஃபெலிக்ஸாருக்குக் கோழியும் பணியாரமும் மறந்துபோயின. அரிவாள்களுக்கு நடுவே கல் ஊன்றியபோதும் கலங்காத நெஞ்சு கலங்கிற்று. உண்டால் நாளை வேனிலே மானம் போகும். மறுத்தால் இன்று இந்த வீட்டிலே உறவு முறியும். மூன்றாவது வழி ஒன்றே ஒன்று இருந்தது. அது எந்த வீரனும் எளிதில் நடவாத வழி. நாற்காலி கிறீச்சிட எழுந்து நின்றார். மனைவியின் கால் இப்போது சரியான பாதத்தையே மிதித்தது. பொருட்படுத்தினாரில்லை.

"தங்கச்சி, உங்க கைச் சாப்பாட்டுல ஒரு கொறையும் இல்ல. கொறையெல்லாம் என் வயித்துல. போன தடவை வேளாங்கண்ணிக்குப் போகயில வேன அஞ்சு வாட்டி நிப்பாட்டிட்டேன். நாளைக்கு விடியக்காலம் கொடைக்கானல் போறோம். மலப்பாதை. நிப்பாட்ட எடம் கெடையாது."

சந்தனமேரி டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அஞ்சு வாட்டியா?" என்றார் அக்கம்மாள்.

"முத்துப்பேட்டையில மட்டும் ரெண்டு."

ஒரு கணம். இரண்டு கணம். பிறகு அக்கம்மாளின் தோள்கள் குலுங்கின. கரண்டி பாத்திரத்துக்குள் விழுந்தது. மதகு உடைந்த கண்மாயெனச் சிரிப்பு பொங்கிப் பாய, முந்தானைக்குள் இருந்த சந்தனமேரி டீச்சரும் அதிலே அடித்துச் செல்லப்பட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட அக்கம்மாள், "இத வந்த ஒடனே சொல்றதுக்கு என்னண்ணே? எங்க சின்னக்கண்ணு மாமா பழனிக்குப் போகயில பஸ்ஸையே தவறவிட்டாரு. இருங்க வாரேன்" என்று உள்ளே ஓடி, ஒரு டம்ளர் ஓமத்தண்ணியைச் சுடச்சுடக் கொண்டுவந்து அவர் கையிலே கொடுத்தார். நம் வீரர் அதை வெற்றிக் கோப்பையென இரு கையாலும் ஏந்திப் பருகினார்.

இந்தக் காட்சியைக் கண்டு அருள்பாண்டியின் உள்ளத்திலே பல்லாண்டாய் அணைந்துகிடந்த ஒரு பொறி மூண்டது. விடுதலை என்பது இவ்வளவு எளிதா? அவரும் மெதுவாகத் தன் கிண்ணத்தை நகர்த்திவைத்து, "எனக்கும் போதும் ஆத்தா" என்றார்.

அக்கம்மாள் திரும்பினார். கரண்டி மீண்டும் கைக்கு வந்தது.

"நீங்க எந்த வேன்ல போறீக?"

மூன்று பணியாரங்கள் அருள்பாண்டியின் கிண்ணத்திலே இறங்கின. அவர் மூன்றையும் உண்டார்.

வியாழன் விடியலிலே, கிழக்கு வெளுக்குமுன், பதினாறு இருக்கைத் தேர் கோட்டையூர் முனையிலே வந்து நின்றது. ஃபெலிக்ஸார் தலை நிமிர்ந்து ஏறினார். மதுரையைக் கடந்து, வத்தலக்குண்டைக் கடந்து, மேகம் உராயும் மலையின் வளைவொவ்வொன்றையும் கல்லில் வடித்த அரிமாவென அமர்ந்து அவர் கடந்திட, வேன் ஓரிடத்திலும் நில்லாது முகடேறிற்று. முன்னிருக்கையிலிருந்து சத்தியமூர்த்தி திரும்பி, அனைவரும் காண, அவரை நோக்கித் தலையசைத்தார். பதினான்கு ஓய்வூதியர்களும் வியந்தனர். சந்தனமேரி டீச்சர் பெருமிதத்தோடு ஒரு ஆரஞ்சு மிட்டாயை உரித்து அவர் கையிலே வைத்தார். வெற்றித் திருமகள் யூக்கலிப்டஸ் மரங்களின் உச்சியிலிருந்து பூமாரி பொழிய ஆயத்தமானாள்.

கொடைக்கானலில் ரெண்டு நாளும் விடாத மழை, எல்லாரும் ரூமிலேயே உட்கார்ந்து டிவி பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.