தாளி சிஸ்டரும் சிவப்பு மையும்

தொண்ணூறுகளில் மைசூரில் வயிற்றில் தழும்பில்லாமல் பிள்ளை பெற்றவர்களில் பாதிப் பேர் தாளி சிஸ்டருக்குக் கோயில் கட்ட வேண்டும். மீதிப் பாதி, பிரசவ வலியோடு அவர் நடக்கவிட்ட நடையில் கால் தேய்ந்ததற்காகக் கேஸ் போடலாம்.

அரசுப் பிரசவ ஆஸ்பத்திரியில் அவர் ஹெட் நர்ஸ்; நான் ரெக்கார்டு குமாஸ்தா. அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். யார் வலியில் அலறினாலும் "தாளி, தாளி" என்பார். கன்னடத்தில் 'பொறுங்கள்' என்று அர்த்தம். மகள் பிரசவத்துக்காகச் சேலத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், தாலியைத்தான் கேட்கிறார்கள் என்று பதறி, கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வார்டை விட்டே ஓடினார்.

பிரசவ ரிஜிஸ்டரில் சுகப்பிரசவத்துக்கு நீல மை, சிசேரியனுக்குச் சிவப்பு. மாதாமாதம் சிவப்பு கூடிக்கொண்டே போனது. சிஸ்டர் தினம் காலையில் வந்து பக்கத்தைப் புரட்டுவார். நெஞ்சில் கை வைப்பார்.

"யேசப்பா! இது ரிஜிஸ்டராடி, கசாப்புக் கடையா?"

"எழுதறதுதான் நான் சிஸ்டர். கிழிக்கறது நானில்லை."

அப்புறம் அவர் ஆபரேஷன் தியேட்டர் வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். காரணம் சொல்லாமல் ஒரு ஸ்ட்ரெச்சரும் உள்ளே போக முடியாது.

"கஷ்டமான கேஸ் சிஸ்டர், வழி விடுங்க" என்றார் ஒரு டாக்டரம்மா.

"யாருக்குக் கஷ்டம்? பேஷண்டுக்கா, கல்யாண ரிசப்ஷனுக்குப் போகணும்னு உங்களுக்கா?"

வெள்ளைக் கோட்டுக்குக் கீழே பட்டுப்புடவை ஜரிகை எட்டிப் பார்த்தது. ஸ்ட்ரெச்சர் திரும்பியது. அரை மணியில் அந்தப் பெண் தானாகவே பெற்றாள்.

இன்னொரு நாள் ஒரு கணவர் பஞ்சாங்கத்தோடு வந்தார். "பத்தரைக்குள்ள எடுத்துடச் சொல்லுங்கம்மா. அப்புறம் ராகுகாலம்."

சிஸ்டர் பஞ்சாங்கத்தை வாங்கி மூடினார். "குழந்தைகிட்ட கேட்டியாப்பா?" என்றார்.

எனக்கு முதல் பிரசவம் வந்தபோது தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்: சிஸ்டர் இருக்க, என்மேல் கத்தி படாது. வலி எடுத்துப் படுத்ததும் அவரே வந்தார். வயிற்றில் குழலை வைத்துக் காதைக் கொடுத்தார். இடம் மாற்றி மறுபடி கேட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"தியேட்டர்! ஈகலே, இப்பவே!"

எனக்கு வலியே ஒரு கணம் நின்றுபோனது. "சிஸ்டர்... நீங்களா?"

"வாயை மூடுடி. குழந்தைக்குத் துடிப்பு இறங்குது."

தன் ஸ்டூலை அவரே எட்டி உதைத்தார். வார்டு பாய்க்குக் காத்திருக்காமல் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார். தொப்பி ஒரு பக்கம் பறந்தது, செருப்பு ஒரு பக்கம். ஆஸ்பத்திரியே வாயைப் பிளந்து பார்த்தது.

தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். பெண் குழந்தை, அழவே கொஞ்ச நேரம் பிடித்ததாம். அந்த நேரம் முழுக்க அவர் தியேட்டர் சுவரோரம் நின்று விசும்பினார் என்று ஆயா அப்புறம் சொன்னாள்.

மறுநாள், "கடைசியில என்னையும் கிழிக்க விட்டுட்டீங்களே" என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை. குழந்தையின் குட்டிப் பாதத்தை விரலால் தொட்டு, "கொஞ்சம் தாமதிச்சிருந்தேன்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

தொட்டில் போடும் நாளில் குழந்தையை முதலில் வாங்க மூன்று அத்தைமார் மடியைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு நேரே வாசலுக்குப் போனேன். டியூட்டிக்கு நேரமாகிறது என்று அங்கேயே நின்றுகொண்டிருந்த சிஸ்டரைப் பிடித்து உட்காரவைத்து, அவர் மடியில்தான் முதலில் கிடத்தினேன்.