மீட்டர் அண்ணன் நடந்து காட்டிய வைத்தியங்கள்

மட்டக்களப்பில் ஒரு காலத்தில் எண்ணெய் வைத்தியம், மணல் வைத்தியம், தேனீ வைத்தியம், தண்ணீர் வைத்தியம் எல்லாமே ஒரே மனிதரின் இரண்டு கால்களில்தான் நின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டு கால்களும் நிற்காது.

கல்லடியில் எங்கள் தெருவில் அவரை 'மீட்டர்' என்போம். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் வாசிக்கிற வேலை. வாசல் படலையில் நின்று "மீட்டர்!" என்று அவர் கத்தினால் நாய்கூட எழும்பி வழிவிடும். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். அவருடைய மனைவி ராசம்மாக்கா "இஞ்சேருங்க" என்பதற்கு மேல் போனதில்லை என்பதால் எங்களுக்கும் தெரியாமலே போயிற்று.

நாற்பது வயதில் அவருக்கு இடது கால் மரத்தது. பிறகு ஒரு கண் மங்கியது. ஒரு மாதத்தில் அதுவாகவே தெளிந்தது. கொழும்புக்குப் போய் ஸ்கேன் எடுத்ததில் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்றார்கள். நரம்பைச் சுற்றியிருக்கிற உறை அங்கங்கே அழிகிற வருத்தம், அடக்கி வைக்கலாம், மாற்ற முடியாது என்று டொக்டர் விளங்கப்படுத்த, மீட்டர் குறுக்கே புகுந்தாராம்.

"வயருக்கு மேல இன்சுலேசன் போயிட்டுது. அவ்வளவுதானே டொக்டர்?"

"கிட்டத்தட்ட ஓம்."

"எங்கட ஒபீஸ்ல எண்டா வயர மாத்துவம்."

டொக்டர் சிரித்தாராம். ராசம்மாக்கா சிரிக்கவில்லை. ஊருக்கு வந்ததிலிருந்து தொடங்கியது எங்கள் ஊர்வலம். எங்கேயாவது யாராவது நரம்புக்கு மருந்து கொடுக்கிறார் என்று ராசம்மாக்கா கேள்விப்பட்டால் போதும், அடுத்த வெள்ளிக்கிழமை மீட்டர் என் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருப்பார். விழாமலிருக்க அவரையும் என்னையும் சேர்த்து ராசம்மாக்கா ஒரு பழைய சேலையால் கட்டிவிடுவார். செக்பொயின்டில் சிப்பாய்கள் சேலையை அவிழ்க்கச் சொல்வார்கள். அவிழ்த்தால் மீட்டர் விழுவார். விழுந்த பிறகு நம்பி விடுவார்கள்.

ஏறாவூரில் ஒரு பரிசாரியார் எண்ணெய் காய்ச்சித் தடவி, நாற்பத்தொரு நாள் பத்தியம் சொன்னார். மீன் கூடாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கல்லடியில் குடியிருந்துகொண்டு மீன் கூடாது! தன்னாமுனையில் ஒருவர் வெயிலில் காய்ந்த மணலில் இடுப்பளவு புதைத்தார். இந்த வருத்தத்துக்குச் சூடுதான் எமன் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. தோண்டி எடுத்தபோது மீட்டர் இரண்டு கண்ணும் மங்கி, என்னைப் பார்த்து "வணக்கம் ஐயா" என்றார். வாழைச்சேனைப் பக்கம் தேன் எடுக்கிற ஒருவர் தினம் ஏழு தேனீயைப் பிடித்து முழங்காலில் கொட்ட வைத்தார். எட்டாவது தேனீ என்னைத் தேடி வந்து கொட்டியது.

இதில் அதிசயம், எல்லா வைத்தியமும் பலித்தது. மூன்றாம் நாளே மீட்டர் எழும்பி, குசினி வாசலிலிருந்து படலை வரைக்கும் ஒன்றையும் பிடிக்காமல் நடப்பார். ராசம்மாக்கா அகப்பையும் கையுமாகத் தெருவுக்கு ஓடி வருவார்.

"நடக்கிறார் கா! வந்து பாருங்க கா!"

தெரு கூடும். அந்தக் கிழமையே இந்த விசளம் செய்தியாக மாவட்டம் முழுக்கப் பரவி, குறித்த வைத்தியரின் வாசலில் சனம் வரிசையில் நிற்கும். 'மீட்டர் நடந்தாராம்' என்பதற்கு மேல் யாரும் அத்தாட்சி கேட்டதில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் அவர் திரும்ப விழுவார். அதைப் பார்க்கத் தெரு கூடுவதில்லை.

ஒரு நாள் ராசம்மாக்கா கடைக்குப் போன நேரம் பார்த்து நான் உள்ளே போனேன். முதல் நாள் கம்பீரமாக நடந்த மனிதர் தரையில் இழுபட்டுக்கொண்டு தண்ணீர்ப் பானையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். முழங்கால் தோல் உரிந்து கிடந்தது.

"என்ன அண்ணன் இது? நேத்து நடந்தீங்களே!"

"நேத்து நடந்ததுக்குத்தான் இண்டைக்கு இப்பிடி. குசினியில இருந்து படலைக்குப் பதினெட்டு எட்டு வைக்கோணும். பல்லக் கடிச்சா பதினெட்டு வரும் தம்பி. பத்தொன்பது வரா."

"ஏன் இந்த நாடகம்?"

"கொழும்பால வந்த நாள் தொடக்கம் அவ ஒழுங்காச் சோறு திண்ணல்ல. முதல் எண்ணெய்க்கு நான் சும்மா ரெண்டு எட்டு வச்சுப் பாத்தன். அண்டைக்கு ரெண்டு கோப்ப சோறு திண்டவ. மறுகா என்னெண்டு நிப்பாட்டுற, சொல்லு?"

அவரைத் தூக்கிக் கதிரையில் இருத்தி, தண்ணீர் வார்த்துக் கொடுத்தேன். பரிசாரிமார் நிப்பாட்டச் சொன்ன கொழும்பு மாத்திரையை டோர்ச் லைட்டுக்குள் ஒளித்த இடத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசி வைத்தியம் வாவிக்கு அங்கால், படுவான்கரையில். ஓடத்தில் போக வேண்டும்; ராசம்மாக்காவும் கூட வந்தார். அங்கே கண்ணகை அம்மன் கோயிலடியில் ஒரு பெண் இருந்தார், ஊரார் 'தண்ணியக்கா' என்பார்கள். வைகாசியில் அம்மனுக்குக் குளிர்த்தி பாடி அவள் கோபத்தை ஆற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மனின் சூட்டையே ஆற்றுகிற தண்ணீர் மனுசனின் சூட்டை ஆற்றாதா என்பது தண்ணியக்காவின் கட்சி. கிணற்றடியில் இருத்தித் தலையில் இருபத்தொரு குடம் ஊற்றினார்; வீட்டிலும் தினம் அப்படியே ஊற்றச் சொன்னார். மீட்டர் பல் கிட்டிக்கொண்டே என் காதில் சொன்னார்.

"தம்பி, இது ஒள்ளுப்பமாவது மெய்யாவே நல்லாயிரிக்கி. இருபது எட்டு வரும்போல."

அதற்கும் மூன்றாம் நாள் படலை வரைக்கும் நடந்து காட்டினார். அது இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மார்கழி மாதம். தண்ணீர் ஊற்றத் தொடங்கிப் பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை, கடல் வந்தது.

ராசம்மாக்கா அன்று காலை வாவிப் பாலத்தைக் கடந்து டவுனுக்குச் சந்தைக்குப் போயிருந்தார். முதல் தண்ணீர் தெருவுக்குள் வந்தபோது நானும் என் மச்சானும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மாடி வீட்டில் ஏறினோம். கல்லடிச் சனம் முழுக்கப் பாலத்தால் டவுன் பக்கம் ஓடியது. ராசம்மாக்கா மட்டும் சனத்தை இடித்துக்கொண்டு கல்லடிப் பக்கம் ஓடி வந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பெரிய தண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்தது. மூன்றாம் நாள் வாவிக்கரையில் அவர் உடலை எடுத்தோம்.

பள்ளிக்கூட முகாமில் மீட்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "அஞ்சு வருஷம் ஏமாத்தினன் தம்பி. ஏமாத்தினபடியே அனுப்பிப்போட்டன்" என்பார். வேறு பேச்சில்லை.

முகாமுக்கும் வைத்தியங்கள் வந்தன. அக்குபங்சர் ஊசி குத்த ஒரு வெள்ளைக்காரர் வந்தார். சிரித்தால் சுகம் வரும் என்று இன்னொருவர் வந்து, வீடும் ஆளும் போன அறுபது பேரை வட்டமாக நிறுத்தி ஹா ஹா என்று சொல்ல வைத்தார். நாங்களும் சொன்னோம், சொன்னால் பிஸ்கட் கொடுத்தார்கள். ஒரு இளம் பெண் மட்டும் மீட்டரின் காலை மடக்கி நீட்டப் பழக்கிவிட்டு, "இது உங்கட வருத்தத்த மாத்தா ஐயா. கால் இறுகாம வச்சிருக்கும், அவ்வளவுதான்" என்றார். மீட்டர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். கால் பிடிக்க வந்தவர்களில் மாற்றாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அதற்குப் பிறகுதான் மீட்டருக்கு அந்தப் பிடிவாதம் பிடித்தது. தன்னை நடக்க வைத்ததாகப் பேர் வாங்கிய ஒவ்வொரு வைத்தியரிடமும் போய், தான் நடந்தது பொய் என்று சொல்ல வேண்டுமாம்.

"நான் நடந்ததக் கேட்டு எத்தின சனம் போயிரிக்கும்? ஆராவது டொக்டர்ர மருந்த நிப்பாட்டியிருந்தா? அவவுக்குத்தான் சொல்லல்ல. மத்தவங்களுக்காவது சொல்லோணும்."

திரும்பவும் மோட்டார் சைக்கிள். சேலை கட்ட ஆளில்லாததால் கயிறு. தேன்காரர் கேட்டுவிட்டுக் கண் கலங்கினார். "அப்ப என்ர தேனீயெல்லாம் சும்மாவா செத்தது?" மணல்காரர் எங்களைத் துரத்தினார். ஏறாவூர்ப் பரிசாரியார் தேத்தண்ணி தந்தார்.

"எனக்கு அப்பயே தெரியும் மகன். இந்த எண்ணெயால ஆரும் மூணு நாளையில நடந்த சரித்திரம் இல்ல."

"மறுகா ஏன் பேசாம இரிந்தீங்க?"

"நாலு பேர் கூடி வந்தாங்க, வருமானமும் வந்திச்சி. எனக்கும் சொல்ல மனசு வரல்ல" என்று தலையைக் குனிந்துகொண்டார். அவர் நல்ல மனிதர்.

மிச்சம் தண்ணியக்கா. அங்கே போக முடியவில்லை. சண்டை திரும்பத் தொடங்கி ஓடம் நின்றது. படுவான்கரைச் சனம் இந்தக் கரைக்கு வந்து தறப்பாள் கூடாரங்களில் கிடந்தது. முகாம் முகாமாகத் தேடியும் அவர் கிடைக்கவில்லை. கிழக்கில் சண்டை முடிந்தது என்றார்கள். பிறகு வடக்கிலும் முடிந்தது என்று டவுனில் வெடி கொளுத்தினார்கள். அதற்குள் மீட்டருக்கு ஒரு எட்டுக்கூட இல்லை. சக்கர நாற்காலி வந்து, நாக்கும் குழறத் தொடங்கியிருந்தது. இந்த ஒன்றைச் சொல்லாமல் செத்துவிடுவேனோ என்று தினம் என்னைக் கேட்பார்.

ஒருவழியாகத் தண்ணியக்கா ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டு, நாற்காலியை ஓடத்தில் ஏற்றிக்கொண்டு போனோம். வீட்டில் கூரை இல்லை, கிணறு இருந்தது. மீட்டர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி முடித்தார். நடந்தது பொய். மனிசியை ஏமாற்றினேன். அவள் தெரியாமலே போய்விட்டாள்.

தண்ணியக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர ஏமாத்தின நீங்க? அவ எனக்கிட்ட முதல் நாளே சொன்னவ. 'அவருக்கு இது மாறா எண்டு எனக்குத் தெரியும் கா. ஆனா புது வைத்தியம் தொடங்கினா பத்து நாளைக்குச் சிரிச்சுக்கொண்டு இரிப்பார். இல்லாட்டிச் சுவரப் பாத்துக்கொண்டு கிடப்பார். அதுக்காகத்தான் கூட்டிக்கொண்டு திரியிறன். எனக்காக நடந்து காட்டுவார், படலைக்கு வந்து சேருமட்டும் நான் மூச்சு விடுறல்ல' எண்டவ."

மீட்டர் மெதுவாக, "அப்ப எனக்கு ஓட ஏலா எண்டு தெரிஞ்சுதான் அண்டைக்கு என்னத் தேடிப் பாலத்தால வந்திரிக்கா" என்றார். தண்ணியக்கா தலையாட்டினார். கிணற்றுப் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

திரும்பி வரும்போது ஓடத்தில் அவர் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, என்ர நடிப்பு அவ்வளவு மோசமா?"

"படு மோசம் அண்ணன். ஆரும் நம்பல்ல."

அவர் முகம் தெளிந்தது. எங்கள் தெரு முழுக்க நம்பியது. உண்மை தெரியும் வரைக்கும் நானும் நம்பிக் கைதட்டியவன்தான். ஆனால் மீட்டர் அண்ணனுக்கு அப்போது வேண்டியிருந்தது, யாரும் ஏமாறவில்லை என்கிற அந்தப் பதில்தான், அவருக்காக நான் எதையும் சொல்வேன்.